‘தப்பு’ என்ற பதிலுக்காகக் காத்திருந்தவர்

வெள்ளிக்கிழமை காலை, பூஜைக்காகக் குத்துவிளக்கைத் துலக்கிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் புளி. போன் அடித்தது. புறங்கையால் அமுக்கிக் காதில் வைத்தேன். ராயபுரத்திலிருந்து எஸ்தர் அவர்களின் தம்பி சாமுவேல். “அக்கா போயிட்டாங்க, சரோஜாக்கா. காபி கேட்டாங்க. நான் கொண்டுவந்து பாத்தா...” நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கும் நினைவில்லை. விளக்கைப் பாதி துலக்கியபடியே வைத்துவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எஸ்தர் அவர்களைத் தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் மொழியியல் பேராசிரியராக இருந்தவர். அவருடைய குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ராயபுரத்தில் தலைமுறையாகப் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையோர மக்கள் பேசும் சொற்களுக்கு ஓர் அகராதி செய்யப் புறப்பட்டார். அலைச்சல் குறையட்டும் என்று திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தார்.

குடிவந்த வாரத்தில் நடந்தது இது. தள்ளுவண்டிக் காய்காரர் வாசலில் நின்றிருந்தார். நான், “பெரிய வெங்காயம் குடுப்பா, சின்னதா பாத்துப் போடு” என்றேன். மாடிப்படியில் இறங்கிவந்த எஸ்தர் அப்படியே நின்றுவிட்டார்.

“அக்கா, அதை இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் கோயில் திருவிழாவில்தான் பார்த்திருக்கிறேன். “அப்போ சின்ன வெங்காயத்துல பெரிசு கேட்டா?”

“பெரிய சின்ன வெங்காயம்னு கேக்கணும்.”

காய்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார். “இன்னாம்மா நீங்க ரெண்டு பேரும்? பெரிசு வோணுமா சின்னது வோணுமா, அத்த சொல்லு. எனுக்கு இன்னும் நாலு தெரு கீது.”

அன்று மாலை தேநீரோடு எனக்கு விளக்கினார். ‘சின்ன வெங்காயம்’ என்பதில் ‘சின்ன’ என்பது அளவைச் சொல்வதை விட்டுவிட்டது. இரண்டும் சேர்ந்து ஒரு பொருளுக்குப் பெயராகிவிட்டது. அதனால்தான் பெரிய சின்ன வெங்காயம் என்று கேட்க முடிகிறது. ‘சின்ன வாளி’ அப்படி இல்லை. அதில் சின்ன என்றால் சின்னதுதான். பெரிய சின்ன வாளி என்று எந்தக் கடையிலும் கேட்க முடியாது.

அவருடைய வேலையே இதுதான் என்று போகப்போகப் புரிந்தது. எது தனிச் சொல், எது பகுதிகள் சேர்ந்த சொல், எது சொல்லே அல்லாமல் சொற்கள் வரிசையாக நிற்கும் தொடர் என்று பிரித்தறிவது. ஒரு முறை அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். “உப்புன்னு ஒரு சொல் இருக்கு. அதை எங்க வெட்டினாலும் அர்த்தமுள்ள துண்டு கிடைக்காது. மீன்காரின்னு ஒரு சொல். மீன் தனியா நடக்கும், காரி தனியா நடக்காது. பகுதி உண்டு, ஆனாலும் ஒரே சொல். மோர்க்குழம்புன்னு ஒண்ணு. மோரும் தனியா நடக்கும், குழம்பும் தனியா நடக்கும். சேர்ந்த பிறகு நடுவுல ஒரு ஆளை விடமாட்டேங்குது. காரமான மோர்க்குழம்புன்னு சொல்லலாம், மோர் காரமான குழம்புன்னு சொல்ல முடியாது. செத்த சுறாவைப் பாருங்க. செத்த பெரிய சுறா, செத்த நாத்தமெடுத்த பெரிய சுறா, எதை வேணும்னாலும் சொருகலாம். அது தொடர்.”

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கோயில் வாசலில் விற்கும் பதிகப் புத்தகங்களை வாங்கி, பதம் பிரித்துப் பிரித்துப் படித்தே தமிழ் கற்றேன். மகள் விட்டுப்போன பழைய கணினியில் தட்டச்சு பழகினேன். வீட்டு வரவுசெலவை ஒரு நாள் விடாமல் எழுதும் பழக்கமும் உண்டு. இவற்றைப் பார்த்துத்தான் எஸ்தர் என்னைத் தம் வேலையில் சேர்த்துக்கொண்டார். அவர் ஒலிப்பதிவு செய்து வருவதை நான் கேட்டுத் தட்டச்சு செய்வேன். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: “எங்க வடிவுடையம்மன் ஒரு சொல்லா, ரெண்டு சொல்லா?”

“கூப்பிடும்போது நடுவுல மூச்சு விடுவீங்களா அக்கா?”

“விடமாட்டேன்.”

“அப்ப உங்களுக்கு அவ ஒரே சொல்தான்.”

ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர் அவர். என் அம்மனைப் பற்றி அவ்வளவு அழகாக எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை.

அவரிடம் குறையும் இருந்தது. காபி குடித்த கோப்பைகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துவிடுவார், கழுவமாட்டார். பொறுமை கிடையாது. நன்றாகச் சாப்பிட்டேன் என்று பொய் சொல்வார். சொற்கள் விஷயத்தில் மட்டும் பொய்யே சொல்லாதவர்.

முகத்துவாரக்குப்பத்தில் கன்னியம்மா என்ற மீன்காரி இருக்கிறார். விடியற்காலை காசிமேட்டில் ஏலம் எடுத்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்பவர். எஸ்தருக்கு வாய்த்த முதல் ஆள் அவர்தான். அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு எஸ்தரை உட்காரவைத்து, தாம் தரையில் அமர்ந்து பதில் சொல்வார். வேறு சில பெண்களிடமும் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிட்டுக்கொள்வார் எஸ்தர். கேள்வி எல்லாம் ஒரே மாதிரிதான்: இந்தச் சொல்லுக்கு நடுவில் இன்னொன்றைச் சேர்த்துச் சொல்லலாமா? அந்த ஒலிப்பதிவுகளில் கன்னியம்மாவின் குரல் என் காதிலேயே இருக்கிறது. “ஆங், சொல்லலாம்மா. உனுக்கு இன்னா, தாராளமா சொல்லு.”

அப்படியே பல வருஷம் போனது. அகராதி முடிந்து, ஒரு பதிப்பகம் பக்கங்களைக் கட்டி அச்சுக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தது. அதே நேரத்தில்தான் எஸ்தருக்கு வயிற்றில் கட்டி என்று மருத்துவர் சொன்னார். சிகிச்சை தொடங்குவதற்கு முன் ஒரு முறை ஏலம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கன்னியம்மாவோடு காசிமேடு போனார். நானும் கூடப் போனேன்.

கூடை கூடையாக மீன் இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் எஸ்தர் குழந்தைபோலக் கை நீட்டினார். ‘பால்சுறா’ என்ற மீன் பெயருக்கு நடுவில் ‘பெரிய’ வரலாம் என்று கன்னியம்மா முன்பு ஒப்புக்கொண்டிருந்தார்; எஸ்தர் அதை நம்பி உற்சாகமாகச் சொன்னார்: “கன்னியம்மா, அங்க பாரு, பால் பெரிய சுறா!”

ஏலம் விடுகிறவர் நிறுத்திவிட்டுத் திரும்பினார். “இன்னா மீனும்மா அது? பால் குட்ச்சி பெர்சான சுறாவா?” சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

கன்னியம்மாவுக்கு வந்ததே கோபம்! “இன்னாடா இளிப்பு? டீச்சரம்மா சொன்னா அது கரீட்டாத்தான் இருக்கும். மூடிகினு ஏலத்த வுடு!”

எஸ்தர் சிரிக்கவில்லை. தேநீர்க்கடைப் பக்கம் கன்னியம்மாவை அழைத்துப்போய் மெல்லக் கேட்டார். “கன்னியம்மா, நீங்க யாராவது அப்படிச் சொல்வீங்களா?”

“நாங்க இன்னாத்துக்கு சொல்றோம்? பெரிய பால்சுறான்னுதான் சொல்லுவோம்.”

“நான் கேட்டப்போ சொல்லலாம்னு சொன்னீங்களே?”

“நீ கேட்ட. வூடு தேடி வந்து குந்திகினு கேக்கற மனுசிக்கு இல்லன்னு சொல்ல வாய் வருமா? படிச்சவ, ஆசப்பட்டு கேக்கற. சொல்லிக்கட்டும்னு வுட்டேன்.”

“மத்தவங்க?”

“அவுங்க மட்டும் மரியாத தெரியாதவங்களா?”

ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினோம். படியேறும்போது எஸ்தர் பொருமினார். கோபம் வந்தால் மட்டும் அவர் பேச்சில் தூத்துக்குடி வந்துவிடும். “எங்கிட்ட ஒருத்தரும் நெசத்தச் சொல்லலையே அக்கா. ‘ஆமா’ங்கிற பதிலை நம்பாதீங்கன்னு பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவ நான்.”

என்ன ஆகிவிட்டது என்பதை அவர் விளக்கித்தான் நான் முழுதாகப் புரிந்துகொண்டேன். அகராதியில் சொல்லுக்குத்தான் இடம், தொடருக்கு இல்லை. நடுவில் எதையும் சேர்க்கலாம் என்று அவர்கள் மரியாதைக்காகச் சொன்ன ஒவ்வொன்றையும் இவர் தொடர் என்று முடிவு செய்து நீக்கியிருந்தார். பக்கம் பக்கமாக நல்ல சொற்கள் வெளியே கிடந்தன. அப்படியே அச்சானால், கரையோர மக்களிடம் சொற்களே குறைவு, இருப்பதை ஒட்டவைத்துப் பேசுகிறார்கள் என்று அந்தப் புத்தகம் சொல்லும். எங்கள் பக்கத்துப் பேச்சைச் சினிமாவில் கேலி செய்வது போதாதென்று, அகராதியும் அதையே சொல்லும்.

மறுநாளே பதிப்பகத்துக்குப் போன் செய்து நிறுத்தச் சொன்னார். நான் தடுத்தேன். “உடம்பு இருக்கற நிலைமையில இது வேணுமா? இப்ப வரட்டும். அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்.”

“அடுத்த பதிப்புக்கு நான் இருக்கமாட்டேன். அவங்களுக்கும் இது ஒரே புத்தகம்தான். ரெண்டாவது ஒண்ணு யாரு போடப்போறா?” என்றார். சாவைப் பற்றி அத்தனை சாதாரணமாகப் பேசிவிட்டு, ஜன்னலில் இருந்த கோப்பையை எடுத்து ஆறின காபியைக் குடித்தார்.

மறுபடி எப்படிக் கேட்பது? அவர் கேட்டால் மரியாதைதான் பதிலாக வரும். ஆகையால் கேட்கவே கூடாது. வேண்டுமென்றே தவறாகப் பேசி, யாராவது திருத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும். எஸ்தர் தவறாகப் பேசினாலும் யாரும் திருத்தமாட்டார்கள். மீன் வியாபாரத்தில் யாருக்கு மரியாதை கிடையாது என்று யோசித்தார். பேரம் பேசுகிற பெண்ணுக்கு! அந்த வேலை எனக்கு வந்தது.

செவ்வாய், வெள்ளி நான் மீன் தொடமாட்டேன். மற்ற நாள்களில் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போய்விடுவேன். எஸ்தர் சற்றுத் தள்ளி, பழக்கடை நிழலில் நிற்பார். முதல் நாள், கருப்பு வவ்வால் மீனைக் காட்டி, “இந்தக் கருப்பு பெரிய வவ்வா என்ன விலை?” என்று ஆரம்பித்தேன்.

“கருப்பு பெரிய வவ்வாவா? அத்த எந்தக் கடல்லமா புட்ச்ச? பெரிய கருப்பு வவ்வான்னு கேளு. வாய்ல முள்ளு மாட்டிகினு கீதா?”

எஸ்தர் பழக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். இன்னொரு நாள், வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம், “இன்னிக்குக் கரை நல்ல காத்து வீசுதே” என்றேன். “இன்னாக்கா உளர்ற? கரை நல்லா இருந்தா நான் ஏன் கடலுக்குப் போறேன்? கரைக்காத்து நல்லா வீசுதுன்னு சொல்லு” என்றார். அவ்வளவுதான், கரைக்காற்றுக்கு அகராதியில் இடம் கிடைத்தது. நான் வாங்கிய ஏச்சு ஒவ்வொன்றும் எஸ்தருக்குத் தங்கம்.

எல்லாமே சொல்லாக இருக்கவில்லை. ‘நேத்து எறா’ என்று ஒரு பேச்சு உண்டு, ஒரு நாள் ஆகிவிட்ட இறாலுக்கு. ‘நேத்து வந்த எறாவா?’ என்று கேட்டதற்கு, “ஆமா, நேத்து சாயங்காலம் வந்த எறா” என்று சண்டை போடாமல் பதில் வந்தது. அப்படியானால் தொடர். எனக்கு வருத்தம், ஒரு சொல் போயிற்றே என்று. இதையும் சொல்லாகவே வைத்துக்கொண்டால் என்ன என்றேன். எஸ்தர் நிமிர்ந்து பார்த்தார். “வரவு கூடணும்னு உங்க வீட்டுக் கணக்கை அப்படி எழுதுவீங்களா அக்கா? தொடர்னா இளப்பம் இல்ல. அது அது எதுவா இருக்கோ அதுவா எழுதணும்.” அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சில வாரங்களில் அவருக்கு இன்னொரு உறுத்தல் வந்தது. அந்தப் பெண்களுக்குத் தெரியாமல் இப்படிச் செய்வது சரியில்லை என்றார். ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து நேராக முகத்துவாரக்குப்பம் போய், கன்னியம்மா வீட்டு வாசலில் எல்லாவற்றையும் சொன்னார். சிகிச்சையில் முடி கொட்டி, தலையில் துணி கட்டியிருந்தார்.

கன்னியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். “அதான் பாத்தேன், இந்த அக்கா ஏன் தெனம் கோணக்கோணையா பேசிகினு கீதுன்னு. அப்போ ரெண்டு பேரும் எங்கள டபாய்ச்சிகினு இருந்தீங்களா?”

“ஆமா. மன்னிச்சிடுங்க. எனக்கு வேற வழி தெரியல. நான் கேட்டா நீங்க உண்மையைச் சொல்லல.”

“நாங்க மரியாத குட்த்தோம்.”

“அந்த மரியாதைதான் கன்னியம்மா எனக்கு வேணாம்.”

சொன்ன பிறகுதான் அது கன்னியம்மாவை எப்படிக் குத்தியது என்று எஸ்தருக்குப் புரிந்தது. கன்னியம்மா எழுந்துவிட்டார். “மரியாத வோணான்னா எதுக்கு என் வூட்டு வாசல்ல வந்து குந்தின? நாற்காலி எதுக்கு போட்டேன் உனுக்கு?” என்று சொல்லி உள்ளே போனவர் திரும்ப வெளியே வரவில்லை.

அதன் பிறகு மார்க்கெட்டில் கன்னியம்மா எங்களைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார். மற்றப் பெண்களும் அவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். நான் எவ்வளவு கோணலாகப் பேசினாலும், “சரிம்மா, எடுத்துக்கோ” என்று மட்டும் பதில் வந்தது. வேலை நின்றுவிட்டது. எஸ்தருக்கு உடம்பும் படுத்துவிட்டது. தம்பி சாமுவேல் வந்து ராயபுரத்துக்கே அழைத்துப்போய்விட்டார். நான் மின்சார ரயிலில் போய்ப் பார்த்து வருவேன். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். “கன்னியம்மா ஏதாவது சொன்னாளா?” அகராதியைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு கேட்டதில்லை.

நான் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டுவது என்று தெரியாமல், அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் வேண்டினேன். பிறகு மார்க்கெட்டில் கன்னியம்மாவிடம் போய், எஸ்தர் சாப்பிட முடியாமல் கிடக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமல் தராசில் மீனைத் தூக்கிப் போட்டார்.

இரண்டொரு நாள் கழித்து நான் ராயபுரம் வீட்டில் இருக்கும்போது கன்னியம்மா வந்து நின்றார். கையில் தூக்குவாளி. அதில் சுறாப்புட்டு. உடம்பு தேறாதவர்களுக்குக் குப்பத்தில் கொடுப்பது. செருப்பை வாசலில் விட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து, கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “துன்னு” என்றார்.

எஸ்தர் இரண்டு வாய் சாப்பிட்டார். கண்ணில் நீர். அதை மறைக்கவோ என்னவோ, பழக்க தோஷத்தில் கேட்டார். “கன்னியம்மா, இது சுறாப்புட்டுதானே? சுறா சூடான புட்டுன்னு சொல்லலாமா?”

“த்தூ! அப்டி எவ சொல்லுவா? தப்பு. சூடான சுறாப்புட்டுன்னு சொல்லு.”

சொல்லிவிட்டுக் கன்னியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். எஸ்தர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“இன்னொரு தடவை சொல்லு.”

“இன்னாத்த?”

“தப்புன்னு.”

“தப்புமா. நூறு வாட்டி சொல்றேன், தப்பு. இவ்ளோ படிச்சிட்டு இது தெரியல உனுக்கு.”

“முனைவர் பட்டம் வாங்கின அன்னிக்குக்கூட எனக்கு இவ்வளவு நிறைவா இல்லக்கா” என்று எஸ்தர் அன்று என்னிடம் சொன்னார்.

அதிலிருந்து வியாபாரம் முடிந்ததும் கன்னியம்மா ராயபுரம் வந்துவிடுவார். சில நாள் இன்னும் இரண்டு பெண்களையும் இழுத்து வருவார். எஸ்தர் படுத்தபடி கேட்பார். அவர்கள் தப்பு என்பார்கள், சரி என்பார்கள், தங்களுக்குள் சண்டை போடுவார்கள். அந்த வீட்டுச் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டே நான் தட்டச்சு செய்வேன். விட்டுப்போன சொற்களில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. கேட்டு முடிக்காதவற்றை ஊகித்து எழுதக் கூடாது, ‘இன்னும் கேட்க வேண்டியவை’ என்று தலைப்புப் போட்டுப் புத்தகத்தின் கடைசியில் அப்படியே சேர்க்க வேண்டும் என்று எஸ்தர் சொல்லியிருந்தார். அப்படியே சேர்த்து அனுப்பினோம். அச்சான புத்தகத்தை அவர் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அம்மன் கோயிலில் மோட்ச தீபம் ஏற்றினேன். அர்ச்சகர் பெயர் கேட்டார். எஸ்தர் என்றேன். ஒரு கணம் பார்த்துவிட்டு, மறு கேள்வி கேட்காமல் ஏற்றிக் கொடுத்தார்.

சனிக்கிழமை ராயபுரத்தில் கூட்டம். கல்லூரியில் கூட வேலை பார்த்தவர்கள், சபையார், கடை ஆள்கள். ஜெபம் நடந்துகொண்டிருந்தது. கன்னியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை வைத்து ஓங்கித் தட்டினார்.

“ஏ எஸ்தரு! இன்னா படுத்துகினு கீற? புட்டு துன்னா தெம்பாயிடுவேன்னு சொன்னியே, பொய்தானே சொன்ன? இம்மாம் வார்த்த பாக்கி கீது, கேக்காம எங்கடி போற? இனிமே எவ வந்து கோணையா பேசுவா, நான் எவளத் திட்டுவேன்?”

அது வரை அவர் எஸ்தரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. ஜெபம் நின்றுவிட்டது. உறவினர் ஒருவர் எழுந்து, “ஏம்மா, கொஞ்சம் மரியாதையாப் பேசும்மா” என்று கன்னியம்மாவின் தோளைப் பிடித்தார். தம்பி சாமுவேல் அவர் கையை விலக்கினார். “விடுங்க. திட்டட்டும்” என்றார்.

கன்னியம்மா திட்டினார். மூச்சு விடாமல், யாருக்காகவும் நிதானிக்காமல், தம் வீட்டு மனுஷியைத் திட்டுவதுபோலத் திட்டித் தீர்த்தார். நாங்கள் எல்லோரும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தோம். எஸ்தர், நீங்கள் கேட்டது உங்களுக்குக் கிடைத்துவிட்டது. நிம்மதியாக உறங்குங்கள், அம்மா.